ரோமில் பார்த்த சுர்க்கிப் பூச்சு

மகளோடு ரோமுக்குப் போய் வந்ததிலிருந்து எல்லாரும் ட்ரெவி நீரூற்றைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் என் கண்ணுக்குள் நிற்பது அதற்குப் பக்கத்துத் தெருவில், மண்ணுக்குக் கீழே இருக்கும் ஒரு தண்ணீர்த் தொட்டியின் சுவர்.

பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளுக்குச் சுண்ணாம்பு பூசுவது எங்கள் குடும்பத் தொழில். தாத்தா, அப்பா, இப்போது நான். எந்த ஊருக்குப் போனாலும் பார்வை முதலில் சுவருக்குத்தான் போகும்.

அந்த இடத்தின் பெயர் விகுஸ் கப்ராரியுஸ். பழைய தியேட்டர் ஒன்றைப் புதுப்பிக்கத் தோண்டியபோது அகப்பட்டது. ஒரு கட்டடத்தின் இரண்டு அறைகளை ரோமானியர்கள் தொட்டியாக மாற்றியிருக்கிறார்கள். ஏறக்குறைய 150,000 லிட்டர் பிடிக்குமாம். தண்ணீர் வந்தது விர்கோ கால்வாயிலிருந்து. கி.மு. 19-இல் ரோமானியத் தளபதி அக்ரிப்பா கட்டியது, சுமார் 20 கிலோமீட்டர், பெரும்பகுதி நிலத்தடியில். பலமுறை பழுதுபார்த்து, இன்றும் ட்ரெவிக்கு அந்த ஊற்றுத் தண்ணீர்தான் வருகிறது. கொஞ்சம் நடந்தால் ஒரு பெரிய துணிக்கடையின் அடித்தளத்தில் அதே கால்வாயின் வளைவுகள் 60 மீட்டர் நீளத்துக்கு நிற்கின்றன.

சரி, சுவருக்கு வருகிறேன். பூச்சு இளஞ்சிவப்பாக இருந்தது. குனிந்து பார்த்தால் சுண்ணாம்புக்குள் துவரம்பருப்பு அளவில் ஓட்டுத் துண்டுகள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இது எங்கள் வீட்டுச் சுர்க்கி!

வெறும் சுண்ணாம்பும் மணலும் காற்றுப் பட்டால்தான் இறுகும். சுட்ட செங்கல்லையோ கூரை ஓட்டையோ இடித்த தூள்தான் சுர்க்கி. அதைச் சேர்த்தால் ஈரத்திலேயே இறுகும், தண்ணீரையும் தாங்கும். முல்லைப்பெரியாறு அணையைக் கட்டியதும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டுதான். பழைய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியுஸ், ஆற்று மணலோடு மூன்றில் ஒரு பங்கு சலித்த ஓட்டுத்தூள் சேர்க்கச் சொல்லி எழுதியிருக்கிறார். தாத்தாவுக்கு அளவெல்லாம் விரல்தான். தூளை எடுத்துத் தேய்ப்பார். ரேகைக்குள் சிவப்பு ஏறினால் போதும், இல்லையென்றால் மறுபடியும் இடிக்க வேண்டும். அந்த உலக்கைச் சத்தம் இப்போதும் காதில் கேட்கிறது.

இங்கே பழைய வீடுகளில் சிமென்ட் பூசிவிட்டுப் போகிறார்கள். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, இரண்டு மூன்று வருடத்தில் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. பார்க்கவே வயிறு எரியும்.

நம் தண்ணீர்மலை அருவியிலிருந்தும் ஒரு காலத்தில் செங்கல் கால்வாய் வழியாகத்தான் நகரத்துக்குத் தண்ணீர் வந்தது. தைப்பூசத்துக்கு வருடம் தவறாமல் அந்தப் பக்கம் போகிறேன். அந்தக் கால்வாயின் ஒரு செங்கலைக்கூடப் பார்த்ததில்லை. உள்ளே என்ன பூசினார்கள், யார் கை பூசியது என்று தெரிந்துகொள்ள அவ்வளவு ஆசை.

இப்போது ஒரு பழைய வீட்டில் கிணற்றடித் தொட்டி வேலை. சிமென்ட் போதுமே என்றார் வீட்டுக்கார அம்மா. ரோமில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "இதையே பூசுங்க தம்பி" என்றார்.

நேற்று ஓடு இடிக்க ஆரம்பித்துவிட்டோம்.