ஷாப்ட் வரும்வரை: சுங்கை சிப்புட், மலேசியா, ஜனவரி 2025

ஜனவரி 13, திங்கள்

தொட்டியில் நாலடி தண்ணீர். பெரிய பம்பின் ஷாப்ட், அதாவது சுழலும் தண்டு, தேய்ந்துவிட்டது. சின்ன பம்பு ஒன்றுதான் ஓடுகிறது.

பழைய ஷாப்டைக் கழுவித் துடைத்து அளந்தாயிற்று. பேரிங் உட்காரும் இடம் 39.96 மில்லிமீட்டர். உள்வளையம் ஷாப்டின் மேல் நழுவி நழுவிச் சுற்றி அந்த இடத்தைக் கண்ணாடி மாதிரி தேய்த்து வைத்திருக்கிறது. "இதே மாதிரி ஒண்ணு" என்று சாம்பிளைக் கொடுத்தால் தேய்மானத்தையும் சேர்த்தே கடைந்து தருவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, கேட்டது அதுதானே. தேய்ந்த இடத்துக்கு அளவு பேரிங் எண்ணிலிருந்துதான் வர வேண்டும். 6308: உள்விட்டம் 40, வெளிவிட்டம் 90, அகலம் 23. ஷாப்டுக்கு கே6 என்ற பொருத்த அளவு, அதாவது 40.002 முதல் 40.018 வரை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். தொட்டி மூன்றரை.

ஜனவரி 15, புதன்

டிராயிங் மூன்றாம் தடவை. முதலில் எல்லா அளவுக்கும் 0.02தான் கூடலாம் குறையலாம் என்று போட்டிருந்தேன். அது தப்பு. விலை ஏறும், எது உயிர் நிலை எது சும்மா என்று கடைபவருக்கும் தெரியாது. மொத்த நீளம் 612, அரை மில்லி கூடலாம் குறையலாம். பேரிங் இடம் இரண்டுக்கும் மட்டும்தான் கே6.

பேரிங் முட்டி நிற்கும் படி, அதாவது தோள், அதன் உள்மூலையில் வளைவின் ஆரம் 1. பேரிங்கின் விளிம்பு வளைவு 1.5. ஷாப்டின் மூலை அதைவிடப் பெரிதாக இருந்தால் பேரிங் தோளில் முட்டாமல் மூலையில் ஏறி நிற்கும். கூர்மையாக வெட்டிவிட்டாலோ அங்கேதான் விரிசல் பிறக்கும்.

மோட்டாரோடு இணையும் கப்ளிங் முனை 38. சுழலாமல் பூட்டும் கட்டை, கீ, அகலம் 10 உயரம் 8. அது உட்காரும் பள்ளம், கீவே, ஆழம் 5 என்று எழுதினால் எங்கிருந்து 5? வெட்டிய பிறகு மேல்விளிம்பே இருக்காது. அடிப்பக்கத்திலிருந்து 33.0 என்று எழுதினால் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தண்ணீரைத் தள்ளும் சக்கரம், இம்பெல்லர், அதன் நட்டுக்கு இடது புரி. சிவப்பு மையில், இரண்டு இடத்தில். வலது புரி வெட்டிவிட்டால் இந்தப் பம்பு ஓட ஓட நட்டு கழன்றுவிடும்.

இரு முனையிலும் சென்டர் துளையை அப்படியே விடவும். பின்னால் சுற்றும்போது ஆடுகிறதா என்று பார்க்கவும் மறுபடி கிரைண்டிங் பிடிக்கவும் அதுதான் ஆதாரம்.

ஜனவரி 16, வியாழன்

ஈப்போ, மெங்லெம்பு. லேத் பட்டறை. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டிய காலத்தில் சுரங்கப் பம்பு பழுது பார்த்துக் கை பழகிய ஊர். 1985இல் ஈய விலை விழுந்த பிறகும் அந்தக் கை போய்விடவில்லை.

எஸ்45சி எஃகு, 55 மில்லி கம்பி. தண்ணீர் கசியாமல் அடைக்கும் பேக்கிங் கயிறு உராயும் இடத்துக்கு 316 ஸ்டெயின்லெஸ் உறை, சிலீவ், தனியாக. இரண்டு ஷாப்டாகச் சொல்லிவிட்டேன். லேத்தில் அமைக்கும் வேலை ஒன்றுக்கும் இரண்டுக்கும் ஒன்றேதான்.

சீனப் பெருநாளுக்கு 25ஆம் தேதி மதியம் கதவு சாத்துகிறார்கள். கிரைண்டிங் வெளியில் போகிறது, அது 23லேயே மூடல்.

ஜனவரி 17, வெள்ளி

லேத் தம்பி போன் செய்தான். "அண்ணே, இந்த 33 கீழேருந்துதானே?" அந்தக் கேள்வி வந்ததே பெரிய நிம்மதி.

ஜனவரி 18, சனி

இரண்டரை.

ஜனவரி 20, திங்கள்

வேலையின் வரிசை ராத்திரி முழுக்க மனசில் ஓடியது. கீவேயைக் கடைசியில் வெட்டக் கூடாது. இழுத்த கம்பியின் மேல்தோலில் இறுக்கம் உறைந்திருக்கும். ஒரு பக்கம் மட்டும் வெட்டினால், பிளந்த மூங்கில் போல வளையும். முதலில் ரஃப் கடைசல், பிறகு மில்லிங், கடைசியில்தான் பேரிங் இடம். காலையில் போன் போட்டுச் சொன்னேன். கீவேயை 10 மில்லி கட்டரால் ஒரே இழுப்பில் வெட்டினால் அகலம் கூடிவிடும், 8ல் நடுவே எடுத்துவிட்டு இரு பக்கமும் முடிக்கவும் என்றும் சொன்னேன்.

ஜனவரி 22, புதன்

முதல் ஷாப்ட் வீணாய்ப் போயிற்று.

கிரைண்டிங்குக்கு நேரமிருக்காது என்று பயந்து லேத்திலேயே முடித்திருக்கிறார்கள். இறக்கியதும் 40.012, எல்லோருக்கும் சந்தோஷம். கை வைத்தேன், சுட்டது. அரை மணி நேரம் காற்றாடிக்கு அடியில் வைத்து மறுபடி அளந்தால் 39.998. 40 மில்லி எஃகு 30 டிகிரி ஆறினால் 0.014 சுருங்கும். பட்டறை 32 டிகிரியில் இருப்பது பிரச்சினையே இல்லை. ஷாப்டும் மைக்ரோமீட்டரும் பேரிங்கும் ஒரே சூட்டில் இருந்தால் போதும்.

'பேரிங் ஏறும், போட்டுக்கலாம்' என்றார்கள். ஏறும்தான். பழைய ஷாப்டும் அப்படித்தான் தேயத் தொடங்கியிருக்கும். மனம் ஒப்பவில்லை.

இரண்டாவதில் கடைய 0.3 மில்லி மிச்சம் இருந்தது. இன்றைக்கே கிரைண்டிங்குக்கு அனுப்பினோம்.

ஜனவரி 23, வியாழன்

ஒன்றே முக்கால். போன் இல்லை.

ஜனவரி 24, வெள்ளி

வந்துவிட்டது. கூலிங் தண்ணீர் ஊற்றி அரைத்தது, ஆறியே இருந்தது. ஒரு பக்கம் 40.011, மறுபக்கம் 40.010. வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜ் பிடித்துச் சுற்றினால் முள் 0.015க்குள் நின்றது. புதுக் கீ மரச்சுத்தியால் லேசாகத் தட்ட உள்ளே இறங்கியது, ஆடவில்லை. இடது புரி.

ஜனவரி 25, சனி

பேரிங்கை எண்ணெயில் 90 டிகிரிக்குச் சூடாக்கி இறக்கினோம். கை விட்டதும் வழுக்கிப் போய்த் தோளில் முட்டியது. ஆறும்வரை தள்ளிப் பிடித்தே இருக்க வேண்டும். இல்லையென்றால் வளையம் சுருங்கும்போது தோளைவிட்டு ஒரு மயிரிழை விலகிவிடும்.

ஜனவரி 26, ஞாயிறு

ஓர் அடி. காலை 7.10க்குப் பம்பைப் போட்டோம். சத்தம் இல்லை. பேக்கிங்கை அழுத்தும் மூடி, கிளாண்டு, அதில் தண்ணீர் நூல் மாதிரி ஓடுகிறது, சொட்டாக வர வேண்டும். புது பேக்கிங் படியும் முன்னே இறுக்கினால் சிலீவ் கருகும். கால் மணிக்கு ஒரு தடவை, இரண்டு நட்டிலும் ஆறில் ஒரு சுற்று.

7.25. நூல்தான்.

7.40. கொஞ்சம் அறுந்து அறுந்து வருகிறது.