காண்டாமிருகத்துக்குத் தகடு போத்துன ஆசாரி

போன மாசம் பொண்ணு ஸ்கூல்ல இருந்து ஒரு ப்ராஜெக்ட் ஷீட்டோட வந்தா. இங்க தென்னாப்பிரிக்காவுல ஆறாங்கிளாஸ் ஹிஸ்டரியில மாபுங்குப்வேன்னு ஒரு பாடம் இருக்கு. பத்து வருஷமா பிரிட்டோரியாவுல குப்பை கொட்டுறேன், அந்தப் பேரு என் வாய்க்குள்ள நுழையவே ரெண்டு நாள் ஆச்சு. ஆப்பிரிக்க ராஜ்யம்னா எனக்குத் தெரிஞ்சது எகிப்து, அதை விட்டா 1324ல மெக்காவுக்குப் போற வழியில கெய்ரோவுல தங்கத்தை வாரி எறச்சு அந்த ஊர்ல தங்கத்தோட மதிப்பையே எறக்கி விட்டுட்டுப் போன மாலி ராஜா மான்சா மூசா, அவ்வளவுதான். நம்ம வீட்டு வாசல்ல இருந்து வடக்க அஞ்சாறு மணி நேரம் வண்டி ஓட்டுனா இன்னொரு தங்க ராஜ்யம் இருந்திருக்குன்னு பொண்ணு சொல்லித்தான் தெரியும்.

லிம்போபோ ஆறும் ஷாஷி ஆறும் கூடுற எடம் அது. கி.பி. 1000 வாக்குல பக்கத்துலயே கே-2ன்னு இப்ப சொல்ற எடத்துல ஊரு இருந்திருக்கு, ஊரு நடுவுல மாட்டுப்பட்டி, சுத்தி வீடு. அப்புறம் 1220 வாக்குல அங்க இருந்து கெளம்பி கொஞ்ச தூரத்துல இருக்குற செங்குத்தான பாறை மலைக்கு மாறிட்டாங்க. ராஜா மேல, ஜனம் கீழ, எல்லாம் சேத்து ஒரு 5000 பேரு. மேல வெறும் பாறைங்கிறதால வீடு கட்ட மண்ணைக் கூட கீழ இருந்து சொமந்துக்கிட்டுப் போயிருக்காங்க, சொமந்தது யாருன்னு சொல்லவே வேணாம். 1300 வர்றதுக்குள்ள ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க.

சரி, பாடத்தை விடுங்க, நான் சொல்ல வந்தது காண்டாமிருகம். அங்க ராஜ குடும்பத்தோட சமாதியில கெடச்ச குட்டி தங்கக் காண்டாமிருகம், இப்ப பிரிட்டோரியா யுனிவர்சிட்டி கிட்ட இருக்கு. ஒரு சனிக்கிழமை பொண்ணைக் கூட்டிக்கிட்டு பாக்கப் போனோம். நான் ஏதோ பெரிய சிலைன்னு நெனச்சுட்டுப் போனா ஒரு சாண் நீளம் கூட இல்ல, கையில தூக்கி வச்சுக்கலாம் போல இருக்கு. தலையைக் கவுத்துக்கிட்டு முட்ட வர்ற மாதிரி நிக்குது. முழுத் தங்கம் இல்ல, மரத்துல உருவம் செதுக்கி அதுமேல மெல்லிசா தங்கத் தகடு போத்தியிருக்காங்க. உள்ள இருந்த மரம் எப்பவோ மக்கிப் போச்சு, தகடு மட்டும்தான் மிச்சம். கிட்டக் குனிஞ்சு பாத்தா ஓரத்துல எல்லாம் கடுகு மாதிரி தங்க ஆணி.

எங்க அப்பா நாகர்கோவில்ல தங்க வேலை பாத்தவரு. சின்ன வயசுல ஸ்கூல் விட்டு வந்தா பட்டறையில குமுட்டி முன்னாடி உக்காந்து ஊதுகுழல்ல ஊதுறதுதான் எனக்கு வேலை, வாயி வலிக்கும், நிறுத்துனா மண்டையில குட்டு விழும். அதனால அந்த ஆணியைப் பாத்ததும் எனக்கு அவரு ஞாபகம்தான் வந்துச்சு. போட்டோவை வாட்ஸப்ல தட்டி விட்டேன், ரெண்டு நிமிஷத்துல வீடியோ கால்.

"எலேய், இது நம்ம கோயில் வாகனத்துக்குத் தகடு அடிக்கிற வேலைல்லா. எந்த ஊரு ஆசாரி செஞ்சது?"

எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊர்க்காரங்களே செஞ்சதுப்பான்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. அவரு சொன்னது நூத்துக்கு நூறு சரி, நம்ம ஊர் ரிஷப வாகனம், குதிரை வாகனம் எல்லாம் உள்ள மரம்தான், மேல வெள்ளித் தகடை உருவத்தோட வளைவுக்குத் தட்டிப் படிய வச்சு ஓரத்துல ஆணி அடிச்சிருப்பாங்க. பொடி வச்சு நெருப்பை ஊதி உருக்கி ஒட்டுற சோலியே கெடையாது, பொடி வச்சு ஊதுனா உள்ள இருக்குற மரம் கருகிடும். அவங்களும் அதையே கண்டுபிடிச்சிருக்காங்க. யாரும் யாருக்கும் சொல்லிக் குடுத்திருக்க வேண்டியதில்ல, மரமும் தங்கமும் கையில இருந்தா புத்தி அந்தப் பக்கம்தான் போகும் போல. இதுல ஒத்தைக் கொம்பு வேற. ஆப்பிரிக்காவுல காண்டாமிருகத்துக்கு ரெண்டு கொம்பு, நம்ம அஸ்ஸாம் பக்கம் இருக்குறதுக்குத்தான் ஒண்ணு, அதனால இது ஆசியாவுல இருந்து வந்த உருவமான்னு கூட ஒரு பேச்சு உண்டாம். அப்பா கிட்ட கேட்டா "இன்னொண்ணு கழண்டு விழுந்திருக்கும்லே, இதுக்குப் போயி" அப்படின்னு முடிச்சுட்டாரு.

ஒரு விஷயத்துல மட்டும் அம்மாவுக்குக் கோவம். அந்தச் சமாதிகள்ல ஒண்ணுல உக்காந்த வாக்குல பொதைச்ச ஒருத்தரோட கால் பக்கம் நூறு கிட்ட தங்கக் கம்பி வளையம் இருந்துச்சுன்னு நான் சொல்லப் போக, "தங்கத்தையா கால்ல போடுவாங்க, லட்சுமிடா" அப்படின்னு போன்லயே கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. கொலுசு வெள்ளியிலதான் போடணும்னு வளந்த வீடு. உக்காந்த வாக்குல பொதைக்கிறதுன்னதும் "அது சாமியாரைத்தான அப்படி வைப்பாங்க"ன்னு உடனே சமாதானம் ஆயிட்டாங்க.

இவ்வளவு தங்கத்தையும் யானைத் தந்தத்தையும் வச்சு என்ன பண்ணாங்கன்னா, வியாபாரம்தான். கெழக்க இந்தியப் பெருங்கடல் கரைக்கு அனுப்பி, அங்க இருந்து கப்பல்ல அரபு நாடு, இந்தியான்னு போயிருக்கு. பத்தாம் நூற்றாண்டுலயே அல் மசூதிங்கிற அரபு எழுத்தாளர் எழுதியிருக்காரு, இந்தக் கரையோட தந்தம் ஓமன் வழியா இந்தியாவுக்கும் சீனாவுக்கும் போகுதுன்னு. பதிலுக்கு வந்தது துணி, கண்ணாடிப் பாசி மணி. ஆயிரக்கணக்குல மணி கெடச்சிருக்கு, பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு, எங்க ஊர் திருவிழாக் கடையில சரம் சரமா தொங்குமே அதே சைஸ். கே-2 காலத்து மணியில நெறைய தெற்காசியாவுல செஞ்ச கண்ணாடின்னு கெமிஸ்ட்ரி பண்ணிப் பாத்துச் சொல்லியிருக்காங்க. டர்பன்ல இருக்குற தமிழ் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியா 1860 நவம்பர்ல ட்ரூரோ கப்பல்ல வந்து எறங்குனாங்களே, அங்க இருந்துதான் கதையை ஆரம்பிப்பாங்க. அவங்க பாட்டன் பூட்டன் வர்றதுக்கு எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடியே நம்ம பக்கத்துப் பாசி மணி வந்து எறங்கிடுச்சுன்னு இனிமே நான் கெத்தா சொல்லிக்கலாம்.

வந்த மணியை அப்படியே கோத்துப் போட்டுக்கல, அதுதான் விசேஷம். சின்ன மணி நெறையப் போட்டு உருக்கி, களிமண் அச்சுல வச்சு, பெரிய பீப்பா மாதிரி ஒரு மணியா ஆக்கியிருக்காங்க. ஆறுனதும் அச்சை ஒடச்சு எடுக்கணும், ஒரு அச்சுக்கு ஒரு மணிதான். பொண்ணு கேட்டா, நல்லா இருக்குற மணியை ஏம்ப்பா உருக்கணும்னு. பாட்டி அவங்களோட ரெட்டை வடத்தை அழிச்சு உங்கம்மாவுக்கு நெக்லஸ் பண்ணல, அது மாதிரின்னேன். புரிஞ்சுது போல. புரிஞ்சது அதோட நின்னிருக்கலாம், ஞாயித்துக்கிழமை நான் தூங்குறப்போ ப்ளே-டோவுல அச்சு பண்ணி, அதுல ப்ளாஸ்டிக் மணியைக் கொட்டி ஓவன்ல வச்சுட்டா. வீடு முழுக்கப் பொகை, அலாரம் கத்துது, வீட்டம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே! ஆனா ஒரே ஒரு மணி, கோணல்மாணலா, உருப்படியா வந்துச்சு. ப்ராஜெக்ட்ல அதை ஒட்டித்தான் குடுத்தா.

இதை எல்லாம் 1932 கடைசியிலதான் வெள்ளைக்காரங்க தோண்டி எடுத்தாங்க. சுத்துப்பட்டு ஜனங்களுக்கு அது ஏறக் கூடாத மலை, கை நீட்டிக் காட்டக் கூட மாட்டாங்களாம், முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பாங்களாம். நம்ம ஊர்ல அய்யனார் காட்டுல செருப்போட போக மாட்டோமே, அது மாதிரி எடம். தோண்டுனப்புறம் நடந்ததுதான் கொடுமை. கறுப்பு ஜனங்க லிம்போபோவைத் தாண்டி வந்ததும் 1652ல வெள்ளைக்காரங்க தெக்க கேப் கரையில வந்து எறங்குனதும் கிட்டத்தட்ட ஒரே சமயம், எடம் காலியா கெடந்துச்சுன்னு நிறவெறிக் காலத்துப் பாடப் புத்தகத்துல படிச்சுக் குடுத்திருக்காங்க. 1652க்கு முன்னாடியே நானூறு வருஷப் பழசான தங்கம் அவங்க யுனிவர்சிட்டியிலயே இருக்கு, அதைப் பத்தி வெளிய பெருசா மூச்சு விடல. ஜிம்பாப்வேயில கல்லு மேல கல்லு, சாந்தே இல்லாம 11 மீட்டர் ஒசரத்துக்கு அடுக்குன கிரேட் ஜிம்பாப்வே மதிலுக்கும் இதே கதிதான், 1871ல பாத்த கார்ல் மவுச்சுங்கிற ஜெர்மன்காரரு பைபிள்ல வர்ற ஷீபா ராணி கட்டுனதா இருக்கும்னாரு. 1905லயும் 1929லயும் ஆராய்ஞ்சவங்க ஆப்பிரிக்கர் கட்டுனதுன்னு தெளிவா சொல்லியும், அப்ப ரொடீசியான்னு பேரு வச்சு அந்த நாட்டை ஆண்ட வெள்ளைக்கார அரசாங்கம் காதுல வாங்கல. இங்க அப்புறம் காலம் மாறி, 2002ல நாட்டோட பெரிய விருதுக்கே மாபுங்குப்வேன்னு பேரு வச்சாங்க, மண்டேலாவுக்கும் குடுத்தாங்க. எடுத்துட்டுப் போன எலும்பை 2007ல திரும்பக் கொண்டு வந்து அடக்கம் பண்ணாங்க.

ஸ்கூல் லீவுல நேர்லயே போயிட்டு வந்தோம். வழியெல்லாம் பாவோபாப் மரம், தலைகீழா நட்டு வச்ச மாதிரி. கைடு இல்லாம மலை ஏற விட மாட்டாங்க. மேல போயி ஆத்தைப் பாக்குறப்போ மழைக்காக வேண்டுற சடங்கு பத்தி கைடு சொன்னாரு, மழையை வர வைக்கிற சக்தி ராஜா கையில இருக்குன்னு நம்பியிருக்காங்களாம். லிம்போபோ பக்கமே மோஜாஜின்னு மழை ராணி வம்சம் இன்னைக்கும் இருக்கு. கழுதைக்குக் கல்யாணம் பண்ணி வச்ச ஊர்ல இருந்து வந்தவன் இதுக்குச் சிரிக்க முடியுமா.

அப்போ என் பொண்டாட்டி ஒரு பாறை கிட்ட குத்துக்கால் வச்சு உக்காந்துட்டா. பாறையில வரிசையா குழி. ஆளுக்கு ஆளு கல்லைப் போட்டு வெளாடுறதாம். "பல்லாங்குழிங்க இது"ன்னு கீழ கெடந்த கல்லைப் பொறுக்கி நாலு நாலா போட ஆரம்பிச்சுட்டா, கைடு பதறிப் போயி தொடாதீங்கன்னாரு.

ராத்திரி அப்பாவுக்கு எல்லா போட்டோவும் அனுப்புனேன். மலை, ஆறு, பல்லாங்குழி எதுக்கும் பதில் இல்ல. காலையில ஒரு வாய்ஸ் மெசேஜ்: "மக்களே, அடுத்த தடவை அந்தக் காண்டாமிருகத்துக்க வயித்துப் பக்கம் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. தகடு ரெண்டையும் எங்க கொண்டு முட்ட வச்சிருக்கான்னு பாக்கணும்."