பறவைக் காய்ச்சலும் வலசைப் பறவைகளும்

குளிர்காலத்தில் பறவைக் காய்ச்சல் செய்தி வந்தால் போதும், "வெளிநாட்டுப் பறவைகள்தான் கொண்டு வருகின்றன" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். பாதிதான் உண்மை.

நீர்வாத்துகளின் குடலில் வீரியம் குறைந்த ஃப்ளூ வைரஸ்கள் காலங்காலமாக இருக்கின்றன. அவற்றால் வாத்துகளுக்குப் பெரிய தொந்தரவு இல்லை. நெருக்கி அடைத்த கோழிப்பண்ணைக்குள் புகுந்து பரவும்போதுதான் அவற்றில் சில கொல்லும் வகையாக மாறுகின்றன. இன்று பறவைகளைக் கொல்லும் எச்5என்1 என்ற ஃப்ளூ வைரஸ் வம்சமே 1996இல் சீனாவின் குவாங்டாங்கில் பண்ணை வாத்து ஒன்றில் கண்டறியப்பட்டதுதான். காட்டுப் பறவைகளுக்கு அது பிறகு தொற்றியது.

2020 டிசம்பர் கடைசியில் தொடங்கி இமாச்சலின் பாங் அணை நீர்த்தேக்கத்தில் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் செத்தன. அடுத்த டிசம்பரில் இஸ்ரேலின் ஹூலா பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான பெருங்கொக்குகள். வயல்களை மேயாமல் இருக்கட்டும் என்று அங்கே கொக்குகளுக்குத் தீனி போட்டு ஒரே இடத்தில் கூட வைத்திருந்தார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் வைரஸுக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? எச்சம் வழியாக அது தண்ணீரில் கலக்கிறது, குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறது. செத்ததைத் தின்னும் கழுகு, பருந்துகளுக்கும் தொற்றுகிறது.

அப்புறம், "பறவைகளை விரட்டிவிட்டால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு: விரட்டினால் நோயுள்ளவையும் சேர்ந்து பக்கத்து ஏரிக்குத்தான் போகும். செத்த பறவையைப் பார்த்தால் கையால் தொடாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்கோ கால்நடைத் துறைக்கோ சொல்லுங்கள்.