ரீசெட் போடாமலே சரியானது: ஆட்டத்தின் நடுவில் மூடிக்கொண்ட பிரவுசரும் என் ஒன்பது நாளும்

நேற்று ராத்திரி போனில் இரண்டு மணி நேரம் தொடர்ந்து போக்கர் ஆடினேன், பிரவுசர் ஒரு தடவைகூட மூடவில்லை. இதற்காக ஒன்பது நாள் அலைந்திருக்கிறேன். நடுவில் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் இறந்துபோன எங்கள் அப்பிச்சியின் (அம்மாவின் அப்பா) குரலே போனிலிருந்து போயிருக்கும். அந்தப் பதற்றம் இன்னும் முழுசாக அடங்கவில்லை. இதே கோளாறு உங்களுக்கும் வந்தால் நான் அலைந்த மாதிரி அலைய வேண்டாம், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

காங்கேயத்தில் ஒரு தேங்காய்க் களத்தில் கணக்கு பார்க்கிறேன். எங்கள் அக்கா வீட்டுக்காரர் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரில்லர், வருஷத்தில் முக்கால்வாசி வடக்கேதான், இப்போது மத்தியப் பிரதேசத்தில் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ராத்திரி அவர்கள் சாப்பிட்டு முடித்ததும் மச்சானும் நானும் அவருடைய வண்டிக்காரர்கள் இரண்டு பேரும் ஒரு கேசினோ தளத்தில் தனி டேபிள் போட்டு போக்கர் ஆடுவோம். காசு கிடையாது, தளம் சும்மா கொடுக்கிற சிப்ஸ்தான். காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு சட்டம் போட்டு மொத்தமாகத் தடை கொண்டுவந்துவிட்டது, அதற்கு முன்பும் நாங்கள் அந்தப் பக்கம் போனதில்லை. போன் போட்டால் மச்சான் "நல்லா இருக்கீங்களா, சரிங்க" என்று இரண்டு வார்த்தையோடு வைத்துவிடுவார். சீட்டு கையில் இருந்தால்தான் மகளின் படிப்பு, முதுகு வலி எல்லாம் பேசுவார். அதனால் எனக்கு இது வெறும் ஆட்டம் இல்லை.

கோளாறு மூன்று விதமாக வந்தது. சில நேரம் டேபிள் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் வெற்றுப் பக்கம் வந்து மறுபடி லோட் பண்ணச் சொல்லும். சில நேரம் பிரவுசரே மூடி முகப்புத் திரைக்கு வந்து நிற்கும். வாட்ஸ்அப் பார்த்துவிட்டுத் திரும்பினால் பக்கம் முதலிலிருந்து ஏறும். எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். முதலாவது அந்தப் பக்கத்துக்கு மெமரி போதாமல் அது மட்டும் சாவது. மற்ற இரண்டும் பெரும்பாலும் மொத்தப் போனுக்கும் மெமரி (ராம்) போதாமல் ஆண்ட்ராய்டே ஆப்பை நிறுத்துவது. உங்களுக்கு எது வருகிறது என்று முதலில் கவனியுங்கள், இதைக் கவனிக்காமல்தான் நான் நாலு நாளைத் தொலைத்தேன்.

சீட்டு பகிர்வதெல்லாம் அவர்கள் சர்வரில் நடக்கிறது, நம் போன் படம் காட்டுவதோடு சரி. அதனால் போனில் பிரவுசர் செத்தாலும் அங்கே நேரம் ஓடிக்கொண்டே இருக்கும், முடிந்ததும் நாம் சீட்டைக் கீழே வைத்து அந்த ஆட்டத்திலிருந்து விலகிவிட்டதாக எடுத்துக்கொள்ளும். மூன்று ராஜா கையில் இருந்தபோது எனக்கு இது நடந்தது. திரும்ப உள்ளே போவதற்குள் ஆட்டம் முடிந்திருந்தது. "மாப்ள, லைன்ல இருக்கீங்களா? உங்க பேரு மங்கிப் போச்சுங்க" என்று மச்சான் இரண்டு தடவை கேட்டிருக்கிறார்.

முதல் தப்பு அன்றைக்கே செய்தேன். களத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி கேஷை அழித்தால் சரியாகும் என்றான். அவன் சொன்னது சரிதான், அவசரத்தில் நான்தான் 'கிளியர் கேஷ்' பக்கத்தில் இருக்கும் 'கிளியர் ஸ்டோரேஜ்' பட்டனை அழுத்திவிட்டேன். முதலாவது தற்காலிகக் கோப்புகளை மட்டும் அழிக்கும். இரண்டாவது பிரவுசரைப் புதிதாக வாங்கிய நாளுக்குக் கொண்டுபோய்விடும், லாகின், திறந்து வைத்திருந்த பக்கங்கள், கணக்கோடு இணைக்காத பாஸ்வேர்டு எல்லாம் போகும். நான் தளத்தில் கெஸ்ட்டாக, அதாவது இமெயில் எதுவும் கொடுக்காமல் ஆடிக்கொண்டிருந்தேன். கெஸ்ட் கணக்குக்கு அடையாளமே பிரவுசருக்குள் இருக்கும் அந்தத் தகவல்தான். ஒன்றரை வருஷமாகச் சேர்ந்த சிப்ஸும் எங்கள் தனி டேபிளும் ஒரே அழுத்தில் போய்விட்டது. கெஸ்ட்டாக ஆடுகிறவர்கள் வேறு எதையும் தொடுவதற்கு முன் இமெயில் கொடுத்துக் கணக்காக மாற்றிவிடுங்கள். இவ்வளவுக்கும் அன்று ராத்திரியே பிரவுசர் மறுபடி மூடியது.

அடுத்து செய்தது இன்னும் மோசம், பெரிய ஆபத்தில் போய் முடிந்திருக்கும். தளத்தின் பெயரோடு கஸ்டமர் கேர் என்று போட்டுத் தேடி, மேலே வந்த எண்ணுக்கு அழைத்தேன். எடுத்தவர் தமிழில் மரியாதையாகப் பேசினார். "உங்க போன் ஸ்கிரீனைப் பாத்தாத்தான் சார் சரி பண்ண முடியும்" என்று சொல்லி ஒரு ஆப்பை ஏற்றச் சொன்னார், அப்புறம் பதிவுக்குப் பத்து ரூபாய் யுபிஐயில் போடச் சொன்னார். பத்து ரூபாய்தானே என்று ஆப்பை இறக்கவே ஆரம்பித்துவிட்டேன். அடுப்படியில் இருந்த வீட்டுக்காரிக்கு 'ஸ்கிரீன்' என்ற வார்த்தை காதில் விழுந்திருக்கிறது. கரண்டியோடு வந்து, "ஏனுங்க, பேங்க் ஆப் இருக்கற போனுங்க அது, மொதல்ல வைங்க" என்று கையிலிருந்து பிடுங்கினாள். பேசியவர் உண்மையான ஆளாகவே இருந்தாலும், நாம் பின் நம்பர் அடிப்பதை இன்னொருவர் திரையில் பார்க்க நாமே வழி செய்து கொடுக்கும் வேலை அது. உண்மையான தளங்களுக்கு உதவிப் பகுதி அவர்கள் பக்கத்துக்குள்ளேயே இருக்கும். தேடலில் வரும் எண்ணுக்குப் போகாதீர்கள். பிரவுசர் மூடித் திறந்ததும் 'உங்கள் பிரவுசர் பழையது, இதை இறக்குங்கள்' என்று ஏபிகே கோப்பு (ஆப்பை நேரடியாக ஏற்றும் கோப்பு) நீட்டும் பக்கங்களும் இதே ரகம்தான், அப்டேட் என்றால் பிளே ஸ்டோரில் மட்டும். காசு போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும், நேரம் போகப் போகப் பணத்தை நிறுத்தி வைப்பது கஷ்டம்.

ஆறாவது நாள் பாதி நாள் லீவு சொல்லிவிட்டுத் திருப்பூர் சர்வீஸ் சென்டருக்குப் பஸ் ஏறினேன். டோக்கன் வாங்கி ஒன்றேமுக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். கவுன்டரில் இருந்தவர் போனை வாங்கி முன்னாலும் பின்னாலும் திருப்பிப் பார்த்தார், ஆன் பண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

"வாரன்டி முடிஞ்சிருச்சு சார். ரீசெட் போடணும். சரியாகலைன்னா மதர்போர்டு மாத்தணும்."

"ஏனுங்க, என்ன கோளாறுன்னு பாக்க வேண்டாமுங்களா?"

"எல்லாத்துக்கும் மொதல்ல ரீசெட் தானுங்க. இதுல சைன் போடுங்க."

"உள்ள போட்டோ எல்லாம் இருக்குதுங்க, எடுத்துக் குடுப்பீங்களா?"

"டேட்டா எல்லாம் கஸ்டமர் பொறுப்புங்க சார், அதுலயே எழுதியிருக்குது பாருங்க."

அந்தத் தாளில் அது பொடி எழுத்தில் கடைசி வரியாக இருந்தது. ரீசெட் போட்டால் போனில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போதுதான் அப்பிச்சி ஞாபகம் வந்தது. ஊதியூரில் இருந்து கடைசி வருஷம் அவர் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியதெல்லாம் இந்தப் போனில் மட்டும்தான் இருக்கிறது. "சாமி, சோறு தின்னியா" என்று ஆரம்பித்து மழை, எருமை, கோயில் நோம்பி என்று போகும். பேனாவை வைத்துவிட்டுப் போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் காசும் அரை நாள் சம்பளமும் போனதில் எனக்கு வருத்தம் இல்லை, ஆன் பண்ணிப் பார்க்காமலே அழிக்கச் சொன்னார்களே என்றுதான் வயிறு எரிந்தது. ரீசெட் கெட்டது என்று சொல்லவில்லை, ஆனால் அது கடைசியில் செய்வது. அதுவும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்த பிறகு.

மறுநாள் கள ஆபீஸ் கம்ப்யூட்டரில் போனை மாட்டினேன், போன் இருப்பதாகவே அது காட்டவில்லை. அரை மணி நேரம் போனை முறைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் கேபிள்தான் காரணம். சில கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், உள்ளே தகவல் போகும் கம்பியே இருக்காது. வேறு கேபிள் மாட்டினேன், போனில் மேலிருந்து இழுத்தால் வரும் யுஎஸ்பி அறிவிப்பில் 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' தொட்டேன், உடனே வந்துவிட்டது. கேமரா படங்கள் டிசிஐஎம் என்ற ஃபோல்டரில் இருக்கும். வாட்ஸ்அப் குரல் செய்திகள் அங்கே இருக்காது, ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள் மீடியா, அதற்குள் வாட்ஸ்அப் என்று உள்ளே உள்ளே போக வேண்டும், 'வாய்ஸ் நோட்ஸ்' என்று இருக்கும். எல்லாம் ஓபஸ் என்ற வகைக் கோப்பு, விஎல்சி பிளேயரில் பாடும். மொத்தத்தையும் பென் டிரைவில் போட்டு, சரியாக ஏறியிருக்கிறதா என்று ஒன்றைத் திறந்தேன். வெளியே களத்தில் தேங்காய் உடைக்கிற சத்தம், உள்ளே அப்பிச்சி குரல். கொஞ்ச நேரம் கணக்கு நோட்டைத் தொட முடியவில்லை.

அதற்குப் பிறகு பயமில்லாமல் வேலையில் இறங்கினேன். முதலில் சேஃப் மோட். பல போன்களில் பவர் பட்டனை அழுத்தினால் திரையில் வரும் 'பவர் ஆஃப்' எழுத்தை விடாமல் அழுத்திப் பிடித்தால் கேட்கும், சில கம்பெனிகளுக்கு வழி வேறு. அதில் நாம் ஏற்றிய ஆப் எதுவும் ஓடாது, போனோடு வந்த பிரவுசர் ஓடும். நாற்பது நிமிஷம் ஆடினேன், மூடவில்லை. அப்படியென்றால் போர்டு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது, நான் ஏற்றிய ஏதோ ஒரு ஆப்தான் குறுக்கே நிற்கிறது! போர்டு மாற்றச் சொன்னவர் இந்த நாற்பது நிமிஷத்தை ஒதுக்கியிருந்தால் அவருக்கும் இது தெரிந்திருக்கும்.

கடைசியாக ஏற்றியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்ததில், குப்பையை அள்ளி போனை வேகமாக்குவதாகச் சொல்லும் ஒரு கிளீனர் ஆப் மாட்டியது. மற்ற ஆப்களுக்கு மேல் தன்னைக் காட்டும் அனுமதியும், திரையில் இருப்பதைப் படிக்கவும் நமக்குப் பதிலாகத் தொடவும் விடும் ஆக்ஸசிபிலிட்டி அனுமதியும் வாங்கி வைத்திருந்தது. அது முழுத்திரை விளம்பரம் போடும்போதெல்லாம் பிரவுசர் பின்னுக்குப் போகும், மெமரி போதாத போனில் பின்னால் போனது திரும்ப உயிரோடு வராது. அதைத் தூக்கினேன். பாதிக் கோளாறு போனது.

மீதிப் பாதி, கோப்பு வைக்கும் இடம் (ஸ்டோரேஜ்). 32 ஜிபி போனில் 600 எம்பிதான் மிச்சம். வாட்ஸ்அப்பில் ஸ்டோரேஜ் பகுதிக்குள் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' போய்ப் பார்த்தால் குரூப்களில் வந்த காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் மட்டும் 9 ஜிபி. அதையெல்லாம் அள்ளியதும்தான் இன்னொன்று தெரிந்தது. இடம் இல்லாததால் பிளே ஸ்டோரில் அப்டேட் எதுவுமே ஏறாமல் மாசக்கணக்கில் நின்றிருக்கிறது, பிரவுசரும் பழசு, ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூவும் பழசு. இந்த வெப்வியூ மற்ற ஆப்களுக்குள் இணையப் பக்கம் திறக்க உதவுவது. 2021 மார்ச்சில் அதில் வந்த ஒரு கோளாறால் பல பேர் போனில் ஜிமெயில் உட்பட ஆப்கள் வரிசையாக மூடிக்கொண்டன, புது அப்டேட் வந்த பிறகுதான் சரியானது. பிரவுசர் மட்டும் இல்லாமல் வேறு ஆப்களும் மூடிக்கொண்டால் அதை முதலில் பாருங்கள். என் போனில் இரண்டையும் புதுப்பித்துவிட்டு ஒரு தடவை அணைத்துப் போட்டேன்.

சின்னதாக இரண்டு மாற்றம். டேபிள் பெரிதாகத் தெரியட்டும் என்று 'டெஸ்க்டாப் சைட்' டிக் போட்டு வைத்திருந்தேன், அதை எடுத்துவிட்டேன், பக்கம் இலேசாகத் திறக்கிறது. ஆட்டத்தோடு வாட்ஸ்அப் வீடியோ காலும் ஓடிக்கொண்டிருக்கும், 3 ஜிபி ராம் இரண்டையும் தாங்காது, இப்போது வாய்ஸ் கால் மட்டும்.

தொலைந்த சிப்ஸ் திரும்ப வரவில்லை, உதவிப் பகுதியில் எழுதிக் கேட்டதற்கு கெஸ்ட் கணக்கை மீட்க முடியாது என்று பதில் வந்தது. இந்தத் தடவை இமெயிலோடு கணக்கு ஆரம்பித்து, புது டேபிள் போட்டு நாலு பேரும் உட்கார்ந்தோம். பதினொன்றரைக்கு மச்சான், "ஏனுங்க மாப்ள, இன்னிக்கு ஒருக்காகூடப் போகலையே, போன் மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். இல்லைங்க மச்சான், அதே போன்தான் என்றேன். பென் டிரைவை அக்காவிடம் கொடுத்திருக்கிறேன், அவளும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்கிறாள்.