அளவு நோட்டின் கடைசிப் பக்கம்

2024 ஏப்ரல் 6

கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குள் குடியாத்தத்திலிருந்து ஓரகத்தி ஆறு ஜாக்கெட் துணிகளோடு வந்துவிட்டாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இப்போதுதான் அக்கா உடம்பு தேறி, பார்க்க லட்சணமாக இருக்கிறீர்கள்" என்றாள். பதினான்கு வருடங்களுக்கு முன்பு இதே திண்ணையில் உட்கார்ந்து, என் கன்னத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டு பேசியவளும் இவள்தான்.

அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு டேப்பை எடுத்தேன். வாடிக்கைக்காரர்களின் அளவுகளை எழுதும் நோட்டில் கடைசிப் பக்கம் என்னுடையது. பெயர் எழுதியதில்லை. அளவெல்லாம் அங்குலத்தில். நோட்டு மாறும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை மட்டும் புது நோட்டில் பார்த்து எழுதிக்கொள்வேன்.

2006: கைச்சுற்று 11, இடுப்பு 29.
2010: கைச்சுற்று 8½, இடுப்பு 32.
இன்று: கைச்சுற்று 9, இடுப்பு 37.

கையை மட்டும் பார்த்தால் ஒரு பெண், இடுப்பை மட்டும் பார்த்தால் வேறொரு பெண். இப்படி ஒரு அளவை யாராவது சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பினால், தப்பாக எடுத்திருக்கிறீர்கள் என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

ஏப்ரல் 9

புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. கணவர் 2006-இல் போனார். நான் 2007-இல் மாத்திரை தொடங்கினேன். அரசாங்கம் 2004 ஏப்ரல் 1 முதல் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியிருந்த கூட்டு மருந்து அது. அதில் ஒன்று ஸ்டாவுடின்.

அந்த மருந்து கிருமியை அடக்கியது. கூடவே கொழுப்புச் செல்களுக்குள் சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவையும் கெடுத்தது. கன்னம், கை, தொடை, பின்புறம் எல்லாம் வற்றின. காலில் நரம்பு புடைத்துத் தெரிந்தது. பிடரிக்குக் கீழே மட்டும் ஒரு கொழுப்புத் திமில். அதன்பிறகு எனக்கு நான் தைத்துக்கொண்ட எல்லா ஜாக்கெட்டும் பின்கழுத்து மூடியதுதான். ஊரார் ஜாக்கெட்டுகளுக்கெல்லாம் கீ-ஹோல், டோரி, படகுக் கழுத்து என்று வெட்டிக் கொடுத்தவள், தனக்கு மட்டும் பள்ளி ஆசிரியை மாதிரி தைத்துக்கொண்டேன்.

2009 முடியும் நேரத்தில் உலக சுகாதார நிறுவனம் அந்த மருந்தைக் கைவிடச் சொன்னது. எனக்கும் பின்னால் மாற்றிக் கொடுத்தார்கள். போன கொழுப்பில் கொஞ்சம்தான் திரும்பி வந்தது. ஆனாலும் ஸ்டாவுடினைத் திட்ட எனக்கு வாய் வருவதில்லை. என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது நான் சாகாமல் இருந்தது அதனால்தான்.

அந்த நாட்களில் நோய் என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. யாரும் கேட்கவில்லை, எல்லோரும் படித்துவிட்டார்கள்.

ஏப்ரல் 18

எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும் நாள். நாளை வாக்குப்பதிவு என்பதால் கூட்டம் குறைவு. இடுப்பை அளக்க வந்த சிஸ்டர் புதியவர், சின்னப் பெண். புடவைக் கொசுவத்துக்கு மேலேயே டேப்பைச் சுற்றினார். என் கை சும்மா இருக்குமா? கொசுவத்தைத் தளர்த்தி, "கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் வையுங்கள் அம்மா, மூச்சை விட்ட பிறகு படியுங்கள்" என்றேன். 94 சென்டிமீட்டர். நம் ஊர்ப் பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டுமாம், ஆண்களுக்கு 90.

டாக்டர் அம்மா என் நோட்டுப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் கீழே இருக்கிறது, சி.டி.4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை நன்றாக இருக்கிறது, பிறகு என்ன என்று கேட்டேன்.

அவர் சொன்னதை என் மொழியில் எழுதுகிறேன். தோலுக்கு அடியில், தொடையிலும் கையிலும் இருக்கும் கொழுப்பு குதிருக்குள் இருக்கும் நெல் மாதிரி. அதனால் பெரிய தொந்தரவில்லை, சொல்லப்போனால் அது காவல். என் குதிர்களை அந்தப் பழைய மருந்து உடைத்துவிட்டது. இப்போது வரும் நெல்லைக் கொட்ட இடமில்லாமல் அடுப்படியில் கொட்டியிருக்கிறது. அதாவது குடலைச் சுற்றி, கல்லீரலுக்குள். அங்கிருக்கும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. கொழுப்பு அமிலங்களை நேராகக் கல்லீரலுக்கு அனுப்புகிறது. ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறுகிறது, நல்ல கொழுப்பு இறங்குகிறது, இன்சுலின் பேச்சை உடம்பு கேட்பதில்லை. இதற்கு மேல், கிருமி அடங்கியிருந்தாலும் உடம்புக்குள் ஒரு புகைச்சல் ஓயாமல் இருக்கிறது. அது ரத்தக்குழாய்ச் சுவரை அரிக்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. 2021-இல் டோலுடெக்ராவிர் கலந்த ஒரே மாத்திரைக்கு மாறிய பிறகு எனக்கு எடையும் ஏறியிருக்கிறது. அந்த மருந்தில் சிலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, அப்படி ஆவதுண்டு.

"இதய டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்" என்றார்.

வரும் வழியெல்லாம் ஓரகத்தி சொன்ன லட்சணம்தான் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 23

சித்ரா பௌர்ணமி. இரவு புஷ்பப் பல்லக்கு பார்க்க மகளோடு போனேன். திரும்பும்போது இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன். இரவு பதினொரு மணிக்கு என்ன வெயில் என்று அவள் கேட்கவில்லை.

மே 4

இன்று அக்னி நட்சத்திரம் தொடக்கம். வேலூரில் வெயிலுக்கு அப்படி ஒரு நாள் குறித்துத் தொடங்க வேண்டிய அவசியமே இல்லை.

இதய டாக்டரிடம் போனேன். வழக்கமாகப் போகும் இடமில்லை. இவரிடம் சொல்வதா வேண்டாமா என்று பத்து நாட்களாக யோசனை. 2011-இல் ஓர் இடத்தில் பல் வலிக்குப் போய் உண்மையைச் சொன்னேன். காலையிலேயே டோக்கன் வாங்கியவளை எல்லோரும் போன பிறகு கூப்பிட்டார்கள். நான் எழுந்ததும் நாற்காலியைத் துடைத்தார்கள். இப்போது அப்படி நடத்தக்கூடாது என்று 2017-இல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் தெரியும், வாய் திறக்க வேண்டுமே.

பஸ்ஸில் சி.எம்.சி. மருத்துவமனையைக் கடந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. ஆலோசகர் ஒருவர் முன்பு சொன்னது. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளை ரயிலில் இங்கேதான் கொண்டுவந்து சோதித்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது முதலில் தெரிந்தது இந்த ஊர் ஆய்வுக்கூடத்தில். அந்த ஊரில் இருந்துகொண்டு நான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது.

சொல்லிவிட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" சீட்டைப் படித்துவிட்டு, சொன்னது நல்லது என்றார். சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மினின் அளவை டோலுடெக்ராவிர் ரத்தத்தில் கூட்டிவிடுமாம். நாளுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்க்க வேண்டும். எச்.ஐ.வி.யின் வேறு சில மருந்துகளோடு, கெட்ட கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரைகளில் சில சேரவே கூடாது. மறைத்திருந்தால் அவர் எப்படி அறிவார்?

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தம் கொடுத்தேன்.

மே 14

சிரசு. நான் போகவில்லை. நேற்று இரவு இரண்டு மணி வரை ஹூக் வைத்துக்கொண்டிருந்தேன். கண் எரிகிறது.

மே 21

ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது. டிரைகிளிசரைடு 260, நல்ல கொழுப்பு 36, வெறும் வயிற்றுச் சர்க்கரை 116. சர்க்கரை நோய் இல்லை, வாசலில் நிற்கிறது.

ஸ்டாடின் எழுதிக் கொடுத்தார். கெட்ட கொழுப்பு எனக்கு அவ்வளவு இல்லையே என்றேன். 2023-இல் வந்த ஓர் ஆய்வைச் சொன்னார். இந்தியா உட்பட 12 நாடுகளில், 40 முதல் 75 வயது வரையுள்ள, எச்.ஐ.வி. உள்ள 7,769 பேர். மாரடைப்பு ஆபத்து அதிகம் என்று யாரும் சொல்லாதவர்கள். அவர்களில் பிட்டாவாஸ்டாடின் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 சதவீதம் குறைவாக வந்தன. சிலருக்குத் தசைவலி வரலாம், சர்க்கரை கொஞ்சம் ஏறலாம், அதனால் மூன்று மாதத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும் என்றார்.

"நடக்க வேண்டும், வயிறு குறைய வேண்டும்" என்றபோதுதான் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இத்தனை வருடமாக இந்த வயிறு எனக்கு முக்காடு. இதைப் பார்த்துத்தான் தெருவில் சந்தேகப்படுவதை நிறுத்தினார்கள். கல்யாண வீட்டில் என்னைப் பந்தியில் கூப்பிட்டு உட்கார வைத்ததும் இதைப் பார்த்துத்தான். இது குறைந்தால் கன்னமும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளாதா? டாக்டர் இதற்குச் சிரிக்கவில்லை. பட்டினி கிடக்காதீர்கள், பருப்பும் முட்டையும் குறைக்காதீர்கள், நடையோடு கைகால் தசைக்கும் வேலை கொடுங்கள், அப்படிச் செய்தால் உள்வயிற்றுக் கொழுப்பு நன்றாகக் கரையும் என்றார். கன்னத்துக்கு உத்தரவாதம் தரவில்லை. அதனாலேயே அவரை நம்பத் தோன்றியது.

ஜூன் 16

விடியற்காலையில் கோட்டை அகழியை ஒட்டி நடக்கிறேன். தையல் மெஷினில் மிதித்த கால் என்பதால் வலிக்காது என்று நினைத்திருந்தேன். வலிக்கிறது. மாத்திரை ஒத்துக்கொண்டது.

ஓரகத்தி போனில் அழைத்தாள். "யாரோ சொன்னார்கள், இளைத்துவிட்டீர்களாமே, உடம்புக்கு ஏதாவது..." என்று இழுத்தாள். "ஆமாம், இளைக்கத்தான் நடக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அவளுக்குப் பாக்கியிருக்கும் இரண்டு ஜாக்கெட்டைப் பற்றிப் பேசினேன்.

இரவு கடைசிப் பக்கத்தைத் திறந்து என் பெயரை மேலே எழுதினேன். கைச்சுற்று 9. இடுப்பு 36¼. ஜாக்கெட் தைப்பவளுக்குத் தொடை அளவு எதற்கு, இதுவரை எடுத்ததே இல்லை. எடுத்தேன். 17½.