பொழுது படுவதைப் படமெடுத்தல்

கல்யாண வீடு, சாமத்திய வீடு எடுத்துப் பழகின கைக்கு ஸூமை மறப்பதுதான் பெரிய வேலை. யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் பொழுது படுவதை ஐந்து நிமிடம் ஒரே ஷொட்டாக எடுக்கச் சொன்னால், "அதில என்ன நடக்குது?" என்று கேட்பார்கள். வெளிச்சம் போகிறது. அவ்வளவுதான். அதைப் பார்க்கத்தான் இப்படி மெல்ல நகரும் படங்களுக்கு ஆட்கள் வந்து இருக்கிறார்கள்.

ஓட்டோவில் விட்ட கமரா அந்த மாற்றத்தையே அழித்துவிடும். இருட்ட இருட்ட ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கமராவின் வெளிச்ச உணர்வை, கூட்டும், வானத்தின் சிவப்பையும் வெளிறச் செய்யும். ஆகவே எல்லாவற்றையும் பூட்டுங்கள்: செக்கனுக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50, வைட் பலன்ஸ் (நிறச் சமநிலை) 5500 கெல்வின், போகஸ் கையால். யாழ்ப்பாணத்தில் சூரியன் மறைந்து ஏறக்குறைய 20 நிமிடத்தில் அந்தி முடிந்துவிடும். ஐந்து நிமிட ஷொட்டுக்குள்ளேயே ஒன்றிரண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாவது) இறங்கும் என்பதால் தொடக்கத்தில் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் வைக்கலாம். முடிவு கறுத்துப் போனால் போகட்டும்.

கரைச் சேற்றில் ட்ரைபொட் மெல்லப் புதையும். பத்து செக்கன் ஷொட்டில் தெரியாது. ஐந்து நிமிடத்தில் கடல்மட்டம் சரிந்து நிற்கும். மூன்று காலுக்கும் கீழே பலகைத் துண்டு வைத்து, அமுக்கி, சற்றுப் பொறுத்து மட்டம் பாருங்கள். பாரத்துக்குக் கட்டும் பை நிலத்தில் முட்டி இருக்க வேண்டும். தொங்கவிட்டால் சோளகக் காற்றுக்கு ஆடி, கமராவையும் ஆட்டும். லென்ஸின் ஸ்டெபிலைசரை (ஆட்டத்தைக் குறைக்கும் வசதியை) நிறுத்திவிடுங்கள்.

கார்த்திகைப்பூவுக்கு வேறு கணக்கு. பச்சை கலந்த மஞ்சளாக விரிந்து, சில நாட்களில் முழுச் சிவப்பாகும். இடைவெளி விட்டு எடுத்து வேகமாக ஓட்டும் டைம்லாப்ஸில் பத்து செக்கனில் காட்டலாம், ஆனால் அது வித்தை காட்டுவதாகத்தான் இருக்கும். காற்று எழும்ப முன், தினமும் ஒரே நேரத்தில், ஒரு நிமிடம் எடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ட்ரைபொட் கால் நின்ற இடத்தில் மூன்று முளை அடித்து, லென்ஸ் அளவையும் உயரத்தையும் குறித்து வைத்தால் மறுநாள் அதே பிரேம் கிடைக்கும். இலை நுனிச் சுருள் வேலியைப் பற்றியிருக்கும். பூ வசதியாகத் தெரியவேண்டும் என்று அதை அவிழ்த்தால் கொடி தொய்ந்து பூவின் முகமே மாறிவிடும். நாட்களை ஒன்றோடொன்று கரையவிடும் டிசோல்வ் போடாமல் நேராக வெட்டி ஒட்டுங்கள், ஒவ்வொன்றும் 20 செக்கனாவது நிற்கட்டும். வேலிக்காரரிடம் முதலே சொல்லிவைத்து, மூன்று மொட்டுகளையாவது சேர்த்து எடுங்கள். இரண்டாம் நாளே யாராவது ஒன்றைப் பறித்துவிடுவார்கள்.