அப்பாவின் உயிலும் லிவிங் வில்லும்

அப்பாவுக்கு 78 வயது. தஞ்சாவூர்ப் பக்கம் சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய ஒரு வீடு, வங்கியில் கொஞ்சம் டெபாசிட். உயில் எழுதுவது பெரிய வேலையாக இல்லை. முத்திரைத்தாள்கூட வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டோம். அம்மா இருக்கும்வரை வீடு அம்மாவுக்கு, அப்புறம் பிள்ளைகள் மூவருக்கும். "டெபாசிட்டுக்குத்தான் நாமினி போட்டிருக்கே?" என்று தம்பி கேட்டான். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதனாலேயே அது அவருக்குச் சொந்தமாகிவிடாது. அதனால் டெபாசிட்டையும் உயிலில் சேர்த்தோம்.

கஷ்டமாக இருந்தது இன்னொரு தாள், லிவிங் வில். தன்னால் சொல்ல முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது அது. பெரியம்மா கடைசி நாட்களில் ஐசியூவில் கிடந்தபோது, குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று கையைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்த அப்பா, "எனக்கு இப்படிப் பண்ணிடாதீங்கம்மா" என்றார். வாய்வார்த்தையாக விட்டால் அந்த நேரத்தில் ஆளுக்கொன்று சொல்வோம். எழுத்தில் இருக்கட்டும் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன்.

உச்ச நீதிமன்றம் 2018இல் லிவிங் வில்லை அனுமதித்தது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்தும் வேண்டியிருந்தது. 2023இல் அதை எளிமையாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும் என்றார்கள்.

முதலில் எங்கள் குடும்ப டாக்டரிடம் உட்கார்ந்து பேசினோம். நிமோனியா மாதிரி குணமாகக்கூடிய நோய்க்குச் சில நாள் வென்டிலேட்டர் வைப்பது வேறு, தேற வழியே இல்லாதபோது வைப்பது வேறு என்று பொறுமையாக விளக்கினார். அப்பா முதலாவதற்குச் சம்மதித்தார், இரண்டாவது வேண்டாம் என்றார். அப்படியே எழுதினோம். அவரால் சொல்ல முடியாத நிலை வந்தால்தான் இந்தத் தாளுக்கு வேலை. அப்போதும் இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். தன் சார்பில் பேச அக்காவையும் என்னையும் அப்பா குறிப்பிட்டார்.

அதுவரை வாயே திறக்காத அம்மா, "அப்போ சாப்பாடும் குடுக்க மாட்டாங்களா டாக்டர்?" என்று கேட்டார். அம்மாவுக்கு இருந்த பயம் அதுதான். "விழுங்க முடியுற வரைக்கும் நீங்களே ஊட்டுங்கம்மா. வலிக்கு மருந்து, உடம்பு துடைச்சு விடுறது எதையும் நிறுத்த மாட்டோம்" என்றார் அவர். வலி தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற வரியை அம்மா சொல்லித்தான் சேர்த்தோம்.

நகல் ஒன்றை டாக்டரிடம் கொடுத்தோம். உள்ளாட்சி அலுவலரிடமும் ஒன்று தர வேண்டும். அங்கே யார் வாங்கிக்கொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் தபாலில் அனுப்பி, ஒப்புகையை அசலோடு வைத்திருக்கிறோம். அப்பா மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுதி ரத்து செய்துகொள்ளலாம்.